நேட்டிவ் டாக்டர்கள்: கல்கத்தா மருத்துவப் பள்ளியின் பதின்மூன்று ஆண்டுகள்

கல்கத்தாவின் நேட்டிவ் மெடிக்கல் இன்ஸ்டிடியூஷன் 1822 ஜூன் 21 அன்று கிழக்கிந்தியக் கம்பெனி அரசின் ஆணையால் தொடங்கப்பட்டது. ஆங்கிலேயர் ஆட்சிக்கு உட்பட்ட இந்தியாவில் ஐரோப்பிய மருத்துவத்தை இந்தியருக்கு முறையான பாடமாக நடத்திய முதல் அரசுப் பள்ளி அது. பாடம் நடந்தது இந்துஸ்தானியில். படித்துத் தேறியவர்கள் ‘நேட்டிவ் டாக்டர்’ என்ற பதவிப் பெயரோடு கம்பெனியின் சிப்பாய்ப் பட்டாளங்களுக்கு அனுப்பப்பட்டார்கள். 1835 ஜனவரி 28 அன்று வந்த இன்னோர் ஆணை இந்தப் பள்ளியை மூடியது. அதே ஆணை, முழுக்க ஆங்கிலத்தில் கற்பிக்கும் கல்கத்தா மருத்துவக் கல்லூரியை நிறுவியது.

இந்திய மருத்துவக் கல்வியின் வரலாற்றை எழுதுபவர்கள் பெரும்பாலும் அந்தக் கல்லூரியிலிருந்தே தொடங்குகிறார்கள். பள்ளிக்குக் கிடைப்பது ஓரிரு வரிகள். கல்லூரியின் சாதனைகள் பெரியவை என்பதில் ஐயமில்லை. ஆயினும் நவீன மருத்துவத்தை ஓர் இந்திய மொழியில் கற்பிக்க இயலுமா என்ற கேள்வி எழும்போதெல்லாம் முதலில் திரும்பிப் பார்க்க வேண்டியது இந்தப் பள்ளியைத்தான். இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே ஓர் அரசு அதைச் செய்து பார்த்திருக்கிறது. எப்படிச் செய்தது, எங்கே குறைபட்டது, எதற்காகக் கைவிட்டது, கைவிட்ட பிறகும் ஏன் அதே வேலைக்குத் திரும்பி வந்தது என்பதெல்லாம் தெளிவாகவே தெரிகின்றன.

பட்டாளத்தின் தேவை

கம்பெனியின் வங்காளப் படையில் ஐரோப்பிய சர்ஜன்களும் உதவி சர்ஜன்களும் இருந்தார்கள். அவர்களுக்குக் கீழே காயத்துக்குக் கட்டுப் போடவும், மருந்து அரைத்துக் கலக்கவும், நோயாளியின் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்ளவும் இந்திய உதவியாளர்கள் இருந்தார்கள். பட்டாளம் துண்டு துண்டாகப் பிரிந்து தொலைதூரக் காவல் நிலைகளுக்குப் போகும்போது எல்லா இடத்துக்கும் ஐரோப்பிய சர்ஜனை அனுப்ப முடியாது. அங்கெல்லாம் சிப்பாயின் உயிர் இந்த உதவியாளரின் கையில்தான் இருந்தது. அவர் யாரிடமும் முறையாகப் படித்தவரல்லர். ஆஸ்பத்திரியில் கூடமாட நின்று பார்த்ததே அவருடைய படிப்பு.

இந்த ஏற்பாடு எவ்வளவு பலவீனமானது என்பதை 1817ஆம் ஆண்டின் காலரா காட்டியது. அந்த ஆண்டு ஜெஸ்ஸூரில் வெடித்த கொள்ளைநோய் வங்காளம் முழுவதும் பரவி, நவம்பரில் புந்தேல்கண்டில் முகாமிட்டிருந்த கவர்னர் ஜெனரல் ஹேஸ்டிங்ஸ் பிரபுவின் படைக்குள் புகுந்தது. சிப்பாய்களும் படையோடு நடந்த வேலையாட்களும் சில நாட்களுக்குள் ஆயிரக்கணக்கில் மாண்டார்கள். வங்காள மருத்துவ வாரியத்தின் செயலர் ஜேம்ஸ் ஜேம்சன், நாடெங்கும் இருந்த சர்ஜன்களின் குறிப்புகளைத் திரட்டி அந்தக் காலராவைப் பற்றிய அறிக்கையை 1820இல் வெளியிட்டார். இரண்டு ஆண்டுகள் கழித்துப் பள்ளி தொடங்கியபோது அதன் முதல் கண்காணிப்பாளராக நியமிக்கப்பட்டவரும் இதே ஜேம்சன்தான்.

பள்ளி பிறந்ததற்குப் பின்னால் சிக்கனக் கணக்கு இருந்தது. ஐரோப்பாவிலிருந்து ஒரு சர்ஜனைக் கொண்டுவந்து சம்பளம் கொடுப்பதைக் காட்டிலும் இந்திய இளைஞருக்குப் பயிற்சி தருவது மிகவும் மலிவு. அறிவைப் பரப்பும் நோக்கம் அந்த ஆணையில் இரண்டாம் இடத்தில்தான் இருந்தது. ஆனால் தேவை பட்டாளத்துடையதாக இருந்ததாலேயே பாடத்தின் மொழி பற்றி அன்று பெரிய விவாதம் எழவில்லை. சிப்பாய் பேசுவது இந்துஸ்தானி. அவனுக்கு வைத்தியம் பார்ப்பவனும் அதில்தான் பேச வேண்டும். ஆகவே அதிலேயே படிக்கட்டும் என்று முடிவாயிற்று.

சேர்க்கையும் சம்பளமும்

முதலில் இருபது மாணவர்களுக்கு மட்டுமே இடம் ஒதுக்கப்பட்டது. பின்னர் அது ஐம்பதாக உயர்ந்தது. பதினெட்டு முதல் இருபத்தாறு வயதுக்குள் இருக்கும் இந்துக்களும் முஸ்லிம்களும் சேரலாம். நாகரி எழுத்திலோ பாரசீக எழுத்திலோ இந்துஸ்தானியை எழுதப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். ஏற்கெனவே பணியில் இருந்த நேட்டிவ் டாக்டர்களின் பிள்ளைகளுக்கு முன்னுரிமை உண்டு. சேர்ந்த நாளிலிருந்தே மாணவர் படைவீரராகப் பதிவு செய்யப்படுவார். படைச் சட்டம் அவருக்கும் பொருந்தும். படிக்கும் காலத்தில் மாதம் 8 ரூபாய் உதவித்தொகை. ஏறக்குறைய மூன்றாண்டுப் படிப்பு முடிந்து நேட்டிவ் டாக்டராக நியமனம் பெற்றால் பாசறையில் மாதம் 20 ரூபாய், போர்க்களத்தில் 25 ரூபாய்.

இந்த விதிகளைச் சேர்த்துப் பார்த்தால் பள்ளியின் அமைப்பு புரியும். படிப்பு இலவசம் என்பதோடு நிற்கவில்லை, படிக்கவே சம்பளம் கிடைத்தது. படிப்பின் முடிவில் கட்டாயம் ஒரு வேலை காத்திருந்தது. அந்த வேலையில் படித்த மொழியே பயன்பட்டது. இந்துவும் முஸ்லிமும் ஒரே கூடத்தில் உட்கார்ந்து ஒரே பாடத்தை இரண்டு எழுத்துகளில் எழுதிக்கொண்டார்கள். ஆனால் அந்த வேலையின் உயரம் முதல் நாளிலேயே அளந்து வைக்கப்பட்டிருந்தது. நேட்டிவ் டாக்டர் எவ்வளவு திறமை காட்டினாலும் சர்ஜனாக முடியாது.

பாடநூல்கள்

ஜேம்சன் 1823 ஜனவரியில் இறந்துபோனார். அவருக்குப் பின் பொறுப்பேற்ற பீட்டர் பிரெட்டன் 1830 வரை பள்ளியை நடத்தினார். பள்ளி பள்ளியாக உருப்பெற்றது அவர் காலத்தில்தான்.

பிரெட்டன் எதிர்கொண்ட முதல் சிக்கல், கையில் ஒரு புத்தகம்கூட இல்லை என்பது. இந்துஸ்தானியில் ஐரோப்பிய மருத்துவ நூல் எதுவும் அதுவரை எழுதப்பட்டிருக்கவில்லை. அவர் முன்ஷிகளையும் பண்டிதர்களையும் துணைக்கு வைத்துக்கொண்டு, பாடம் நடத்த நடத்தவே நூல்களை எழுதி, பாரசீக எழுத்திலும் நாகரி எழுத்திலும் அச்சிட்டார். எலும்புகளின் அமைப்பு, காலரா, பாம்பின் நஞ்சு என்று அந்த நூல்கள் தனித்தனிப் பொருள்களில் அமைந்தன. நீரில் மூழ்கியோ, தூக்கில் தொங்கியோ, நச்சுக் காற்றாலோ, இடி தாக்கியோ மூச்சு நின்றவரை மீட்பது எப்படி என்று ஒரு நூல் எழுதப்பட்டது. வெள்ளமும் கிணறும் குளமும் நிறைந்த வங்காளத்தில் ஒரு பட்டாள வைத்தியருக்கு என்னென்ன தேவைப்படும் என்று யோசித்துத் தேர்ந்தெடுத்த தலைப்புகள் இவை.

1825இல் அவர் வெளியிட்ட சொற்பட்டியல் தனியே கவனிக்க வேண்டியது. உடலின் உறுப்புகளுக்கும் மருத்துவக் கலைச்சொற்களுக்கும் ஆங்கிலம், அரபி, பாரசீகம், இந்தி, சமஸ்கிருதம் ஆகிய ஐந்து மொழிகளில் சொற்களை அது தருகிறது. யுனானி ஹக்கீம்களின் அரபியும் ஆயுர்வேத வைத்தியர்களின் சமஸ்கிருதமும் உடலின் பாகங்களுக்கு நூற்றாண்டுகளாகப் பெயர் வைத்திருந்தன. பிரெட்டன் புதிதாகச் சொல் புனையத் தொடங்குமுன் அந்த இரண்டு களஞ்சியங்களையும் திறந்து பார்த்தார். ஒரு மாணவர் ஹக்கீம் குடும்பத்திலிருந்து வந்தாலும் வைத்தியர் குடும்பத்திலிருந்து வந்தாலும், தன் வீட்டில் கேட்ட சொல்லின் வழியாகவே புதிய உடற்கூற்றுக்குள் நுழைய முடிந்தது.

நாட்டு வைத்தியத்தைப் பார்த்துக் கற்பதில் பிரெட்டனுக்குத் தயக்கம் இருக்கவில்லை. கண்படலத்தை இந்தியக் கண்வைத்தியர்கள் நீக்கும் முறையை அவர் அருகிலிருந்து பார்த்து, கல்கத்தா மருத்துவ இயற்பியல் சங்கத்தின் தொகுதியில் 1826இல் கட்டுரையாக எழுதினார். நாட்டு முறையில் வேலை இரண்டு படிகளில் நடக்கும். முதலில் சிறு கத்தியால் வெண்விழியில் ஒரு துளை இடுவார்கள். பிறகு அந்தத் துளை வழியே செம்பு ஊசி ஒன்றை உள்ளே செலுத்தி, பார்வையை மறைக்கும் படலத்தை மெல்ல அழுத்திக் கண்மணியின் வழியிலிருந்து கீழே தள்ளுவார்கள். ஐரோப்பிய சர்ஜன் ஒருவர் இதைக் கேலிக்குரியதாக எடுத்துக்கொள்ளாமல் கருவி கருவியாக, படி படியாகக் குறித்துவைத்தார் என்பது அந்தக் காலத்தின் மனநிலையைக் காட்டுகிறது. அடுத்த பத்தாண்டுகளுக்குள் அந்த மனநிலை மறைந்துவிட்டது.

ஆஸ்பத்திரியும் போர்க்களமும்

பாடம் நூலோடு முடியவில்லை. மாணவர்கள் ஜெனரல் ஆஸ்பத்திரிக்கும், இந்தியருக்கான நேட்டிவ் ஆஸ்பத்திரிக்கும், கம்பெனியின் மருந்துக்கூடத்துக்கும், அம்மை குத்தும் துறைக்கும், கண் மருத்துவமனைக்கும் முறைவைத்து அனுப்பப்பட்டார்கள். மருந்துக்கூடத்தில் மருந்து கலக்கவும், அம்மை குத்தும் இடத்தில் குழந்தையின் கையைப் பிடித்துக் குத்தவும், ஆஸ்பத்திரியில் சர்ஜனுக்குப் பின்னால் நடந்து நோயாளியைப் பார்க்கவும் பழகினார்கள். மனித உடலை அறுத்துப் பார்க்கும் பயிற்சி மட்டும் இல்லை. உள்ளுறுப்புகளை ஆட்டின் உடலிலும் பிற விலங்குகளின் உடலிலுமே காட்டினார்கள். இது பள்ளியின் பெரிய குறை. பின்னால் அதன் மேல் வைக்கப்பட்ட முதல் குற்றச்சாட்டும் இதுவே.

1825ஆம் ஆண்டு பள்ளிக்கு இரண்டு சோதனைகளைக் கொண்டுவந்தது. கல்கத்தாவில் காலரா கடுமையாகப் பரவியபோது மாணவர்கள் நகரின் நெருக்கமான பகுதிகளுக்கு அனுப்பப்பட்டு, மருந்து கொடுக்கும் பணியில் நிறுத்தப்பட்டார்கள். அதே ஆண்டு படிப்பை முடித்த எட்டுப் பேர் நேட்டிவ் டாக்டர்களாக நியமிக்கப்பட்டு, முதல் ஆங்கில பர்மியப் போரில் அரக்கானுக்குப் போயிருந்த படையோடு சேர்க்கப்பட்டார்கள். அந்தப் படை எதிரியின் துப்பாக்கிக்குப் பலி கொடுத்ததைவிட மழைக்காலக் காய்ச்சலுக்குக் கொடுத்த பலியே அதிகம். சதுப்பு நிலத்தில் முகாமிட்ட சிப்பாய்களில் பெரும்பகுதியினர் படுத்த படுக்கையானார்கள். மூன்று ஆண்டுகள் இந்துஸ்தானியில் மருத்துவம் படித்த எட்டு இளைஞர்கள் பயிற்சிக்கூடத்திலிருந்து நேரே போய் நின்ற இடம் அது.

அவர்களுடைய வாழ்க்கையைப் பற்றி எழுதியவர்கள் இல்லை. கல்லூரியின் முதல் பட்டதாரிகளுக்குக் கிடைத்த படங்களும் பாராட்டுகளும் இவர்களுக்குக் கிடைக்கவில்லை. நவீன மருத்துவத்தை இந்திய மொழியில் கற்று, அதையே தொழிலாகக் கொண்டு உயிரைப் பணயம் வைத்த முதல் தலைமுறை என்ற மரியாதைக்கு அவர்கள் முழு உரிமை உடையவர்கள்.

சமஸ்கிருதக் கல்லூரியும் மதரஸாவும்

பள்ளிக்குப் பக்கத்திலேயே இன்னும் இரண்டு முயற்சிகள் நடந்தன. கல்கத்தா சமஸ்கிருதக் கல்லூரியிலும் கல்கத்தா மதரஸாவிலும் 1826, 1827 ஆண்டுவாக்கில் மருத்துவ வகுப்புகள் தொடங்கப்பட்டன. முதலாவதில் சரகரும் சுசுருதரும் பாடமாக, இரண்டாவதில் இப்னு சீனாவின் மருத்துவம் பாடமாக, அவற்றோடு ஐரோப்பிய உடற்கூறும் மருத்துவமும் சேர்த்து நடத்தப்பட்டன. மரபு வைத்தியத்தின் நூலறிவு உள்ளவருக்கு அந்த நூலின் மொழியிலேயே புதிய அறிவைக் கொடுத்தால் இரண்டும் ஒருவருக்குள்ளேயே சந்திக்கும் என்பது இதற்குப் பின்னிருந்த எண்ணம்.

பிரெட்டனுக்குப் பின் நேட்டிவ் மெடிக்கல் இன்ஸ்டிடியூஷனின் பொறுப்புக்கு வந்த ஜான் டைட்லர் இந்த எண்ணத்தில் ஆழ்ந்த நம்பிக்கை உடையவர். மருத்துவரான அவர் அரபியில் புலமை பெற்றவர்; கணிதமும் கற்பித்தவர். ஹூப்பரின் உடற்கூற்று நூலை அவர் அரபியில் மொழிபெயர்த்தார். அதையே சமஸ்கிருதத்தில் ‘சாரீர வித்யா’ என்று பெயர்த்தவர் மதுசூதன் குப்தா. ஹூக்ளி மாவட்டத்து வைத்தியர் குடும்பத்தில் பிறந்த இவர் சமஸ்கிருதக் கல்லூரியில் மாணவராக இருந்து, பிறகு அங்கேயே மருத்துவ வகுப்பின் ஆசிரியரானவர்.

உயர்சாதி இந்து மாணவர் பிணத்தைத் தொடுவாரா என்பது அன்றைய ஆங்கில அதிகாரிகள் ஓயாமல் கேட்ட கேள்வி. சமஸ்கிருதக் கல்லூரியின் வகுப்பு அதற்கு முன்னதாகவே பாதி விடை அளித்திருந்தது. அங்கு படித்த மாணவர்கள் மனித எலும்புக்கூட்டைக் கூசாமல் கையில் எடுத்தார்கள் என்றும், சிலர் தாமாகவே விலங்குகளின் உடலை அறுத்துப் பார்த்தார்கள் என்றும் 1820களின் இறுதியில் அரசுக்கு எழுதப்பட்ட கல்வி அறிக்கைகள் சொல்கின்றன. தீட்டு என்ற தடை ஆங்கிலக் கல்வியால்தான் உடைந்தது என்று பிறகு பரவிய கருத்தை இந்தச் செய்தி திருத்துகிறது. சுசுருதரைச் சமஸ்கிருதத்தில் படித்த கைகளே முதலில் எலும்பைத் தொட்டன.

குழுவும் அதன் முடிவும்

1833இல் கவர்னர் ஜெனரல் வில்லியம் பெண்டிங்க் மருத்துவக் கல்வியின் நிலையை ஆராய ஒரு குழுவை அமைத்தார். ஜான் கிராண்ட் தலைவர். சதர்லண்ட், சார்லஸ் டிரெவெல்யன், தாமஸ் ஸ்பென்ஸ், பிராம்லி ஆகியோரோடு வங்காளி அறிஞர் ராம் கமல் சென்னும் உறுப்பினர். டிரெவெல்யன் ஆங்கிலக் கல்விக்காகத் தீவிரமாக வாதாடி வந்தவர். குழு பலரிடமும் கருத்துக் கேட்டது. அவர்களில் எதிரெதிராக நின்றவர்கள் இருவர். ஒருவர் டைட்லர். மற்றவர் கல்கத்தாவில் ஆங்கிலப் பள்ளி நடத்திவந்த ஸ்காட்லாந்து மிஷனரி அலெக்சாண்டர் டஃப்.

டைட்லரின் நிலை இது: மருத்துவத்தை இந்திய மொழிகளில் கற்பிக்க முடியும், அது நடந்துகொண்டிருக்கிறது; நூல்கள் போதவில்லை என்றால் இன்னும் எழுதிக்கொள்ளலாம்; ஆங்கிலத்தையே வழியாக்கினால் அறிவு ஒரு சிறு கூட்டத்தோடு நின்றுவிடும். டஃப்பின் நிலை இதற்கு நேர்மாறானது: வளர்ந்துகொண்டே போகும் ஓர் அறிவியலை மொழிபெயர்ப்பின் பின்னால் ஓடிப் பிடிக்க இயலாது, ஆங்கிலம் தெரிந்த மாணவர் நேரடியாக மூல நூல்களுக்கே போகலாம், ஆங்கிலம் படிக்க முன்வரும் இளைஞர்களும் இப்போது நிறைய இருக்கிறார்கள்.

குழு 1834 அக்டோபர் 20 அன்று அறிக்கை கொடுத்தது. பள்ளியில் மனித உடலை அறுத்துக் கற்கும் பயிற்சி இல்லை, தேர்வு முறை ஒழுங்காக இல்லை, நூல்கள் மிகக் குறைவு என்று அது சுட்டிய குறைகள் உண்மையானவை. டஃப் சொன்னதிலும் வலு இருந்தது. லண்டனிலும் பாரிசிலும் ஆண்டுதோறும் புதிய கண்டுபிடிப்புகள் வந்துகொண்டிருந்த காலம் அது. ஆனால் குழு தன் வாதத்தில் ஒரு தாவல் செய்தது. பிணம் அறுக்கும் கூடம் இல்லாதது, தேர்வு சரியில்லாதது, நூல் போதாதது ஆகிய மூன்றும் பணமும் முயற்சியும் செலவிட்டால் சரிசெய்யக்கூடிய குறைகள். அவற்றை இந்துஸ்தானியின் குறைகளாகக் குழு எடுத்துக்கொண்டது. புதிய கல்லூரிக்கு அறுவைக்கூடமும் பேராசிரியர்களும் நூலகமும் ஆஸ்பத்திரியும் அரசு செலவில் கிடைத்தன. இவற்றில் ஒரு பகுதியேனும் பழைய பள்ளிக்குக் கிடைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை அக்குழு சோதித்துப் பார்க்கவே இல்லை.

1835 ஜனவரி 28 ஆணை பள்ளியையும், சமஸ்கிருதக் கல்லூரி, மதரஸா ஆகியவற்றின் மருத்துவ வகுப்புகளையும் ஒன்றாக ஒழித்தது. தேர்ச்சி பெற்ற மாணவர்கள் நேட்டிவ் டாக்டர்களாக நியமிக்கப்பட்டார்கள். மற்றவர்கள் பட்டாளங்களுக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். இந்தியக் கல்வியின் திசையை மாற்றியதாகப் பேசப்படும் மெக்காலேயின் குறிப்பு 1835 பிப்ரவரி 2ஆம் தேதியிட்டது. மருத்துவத்தில் அந்த முடிவு ஐந்து நாட்களுக்கு முன்பே எடுக்கப்பட்டுவிட்டது. டைட்லரின் அரபி மொழிபெயர்ப்பு 1836இல் அச்சாகி வந்தபோது, அதைப் பாடமாகப் படித்திருக்க வேண்டிய வகுப்பு மூடப்பட்டு ஓராண்டு கடந்திருந்தது. குப்தாவின் சமஸ்கிருத நூல் அதற்கும் பிறகே வெளிவந்தது.

கல்லூரியும் திரும்பி வந்த வகுப்புகளும்

புதிய கல்லூரிக்குப் பிராம்லி தலைவரானார். குட்ஈவும் ஓ'ஷானசியும் பேராசிரியர்களாக வந்தார்கள். முதல் வகுப்பில் நாற்பத்தொன்பது மாணவர்கள். மூடப்பட்ட வகுப்பிலிருந்து மதுசூதன் குப்தா இங்கே உடற்கூறு விளக்குநராக மாற்றப்பட்டார். 1836இல் இந்தக் கல்லூரியில் இந்தியர் கையால் மனித உடல் அறுக்கப்பட்டது. ஜனவரி 10 என்றும் அக்டோபர் 28 என்றும் அதற்கு இரண்டு நாட்கள் சொல்லப்படுகின்றன. குப்தாவோடு ராஜகிருஷ்ண தே, உமாசரண் சேத், துவாரகாநாத் குப்தா, நவீன்சந்திர மித்ரா ஆகியோரின் பெயர்கள் இந்நிகழ்ச்சியோடு நினைவுகூரப்படுகின்றன. 1845இல் துவாரகாநாத் தாகூரின் முயற்சியால் நான்கு மாணவர்கள் மேற்படிப்புக்காக இங்கிலாந்துக்குக் கப்பலேறினார்கள். சாதித் தடையையும் கடல் தடையையும் மீறிய இந்த இளைஞர்களின் துணிவு இந்திய மருத்துவத்தின் பெருமைக்குரிய பக்கம்.

ஆனால் கல்லூரியின் ஆங்கிலப் பட்டதாரிகளைக் கொண்டு பட்டாளத்தின் பழைய தேவை தீரவில்லை. அவர்கள் எண்ணிக்கையில் குறைவு, சம்பளத்தில் அதிகம், ஆசைப்பட்டதும் நகரத்து வேலைக்கு. தொலைதூரக் காவல் நிலையில் சிப்பாய்க்கு மருந்து கொடுக்க மறுபடியும் நேட்டிவ் டாக்டர் தேவைப்பட்டார். பள்ளி மூடப்பட்டு ஐந்து ஆண்டுகள்கூட ஆகாத நிலையில், 1839இல் அதே கல்லூரிக்குள் இந்துஸ்தானி வகுப்பு ஒன்று படைக்காகத் தொடங்கப்பட்டது. 1852இல் வங்காள மொழி வகுப்பு தொடங்கப்பட்டது. மாவட்டங்களின் மருந்தகங்களுக்கு வைத்தியர்களைத் தருவது அதன் வேலை. இந்த வகுப்புகளுக்கும் வழிகாட்டியவர் மதுசூதன் குப்தாவே. லண்டன் மருந்தியல் நூலை வங்காளத்தில் பெயர்த்து 1849இல் அவர் வெளியிட்டார். 1856இல் இறக்கும்வரை அவர் கற்பித்துக்கொண்டிருந்தார்.

சமஸ்கிருதத்தில் தொடங்கி, ஆங்கிலக் கல்லூரியில் கத்தி எடுத்து, நாற்பது வயதளவில் அதே கல்லூரியின் தேர்வை எழுதித் தேறி, இறுதியில் மக்கள் மொழி வகுப்புகளில் ஆசிரியராக வந்து நின்ற குப்தாவின் வாழ்க்கை, அரசு தனித்தனியாகப் பிரித்துவைத்த பாதைகள் எல்லாவற்றையும் ஒரே ஆளாக நடந்து காட்டியது. அவரைப் பிணம் அறுத்த முதல் இந்தியர் என்று மட்டும் நினைப்பது போதாது. மூன்று மொழிகளில் உடலை விளக்கத் தெரிந்த ஆசிரியர் என்பதே அவருடைய அரிய தகுதி.

வங்காள வகுப்பு 1873இல் சியால்டாவுக்குப் பெயர்ந்து, பின்னர் கேம்ப்பெல் மருத்துவப் பள்ளி என்று பெயர் பெற்றது. இந்துஸ்தானிக் கிளை 1874இல் பட்னாவின் டெம்பிள் மருத்துவப் பள்ளியாக இடம் மாறியது. இவைபோன்ற பள்ளிகளில் படித்தவர்களே வட இந்தியாவின் சிற்றூர் ஆஸ்பத்திரிகளையும் மருந்தகங்களையும் நடத்தினார்கள். காலப்போக்கில் நேட்டிவ் டாக்டர் என்ற பெயர் ஹாஸ்பிடல் அசிஸ்டென்ட் ஆகி, பிறகு சப் அசிஸ்டென்ட் சர்ஜன் ஆனது. பெயர் மாறினாலும் வரிசை மாறவில்லை. மேலே ஐரோப்பிய சர்ஜன், நடுவில் ஆங்கிலத்தில் படித்த இந்தியர், கீழே தாய்மொழியில் படித்த இந்தியர். படித்த மொழி ஒருவருடைய அறிவின் அளவையும் சம்பளத்தின் அளவையும் சுட்டும் முத்திரையாகிவிட்டது.

பம்பாய், சென்னை, மானிப்பாய்

இதே கேள்வி வேறிடங்களிலும் எழுந்தது. பம்பாயில் ஜான் மக்லெனன் 1826இல் தொடங்கிய நேட்டிவ் மருத்துவப் பள்ளி மராத்தியிலும் குஜராத்தியிலும் நூல்களை உருவாக்கிக் கற்பித்தது. 1832இல் அரசு அதை மூடியது. சென்னையில் 1835 பிப்ரவரியில் மார்ட்டிமரின் பொறுப்பில் தொடங்கிய மருத்துவப் பள்ளி, ஆங்கிலோ இந்திய இளைஞர்களையும் இந்திய இளைஞர்களையும் படையின் கீழ்நிலை மருத்துவப் பணிக்குப் பயிற்றியது. 1850இல் கல்லூரியான அந்தப் பள்ளி தொடக்கம் முதலே ஆங்கிலத்தில் நடந்தது. கல்கத்தாவின் பழைய பள்ளி மேற்கொண்ட முயற்சி சென்னையில் ஒரு முறைகூடச் செய்து பார்க்கப்படவில்லை.

தமிழில் அந்த முயற்சி நடந்தது அரசுக்கு வெளியே, யாழ்ப்பாணத்து மானிப்பாயில். 1847இல் அமெரிக்க மிஷனின் மருத்துவராக வந்த சாமுவேல் பிஸ்க் கிறீன் முதலில் ஆங்கிலத்திலேயே மாணவர்களைப் பயிற்றினார். ஆங்கிலத்தில் படித்தவர்கள் அரசு வேலை தேடி ஊரைவிட்டுப் போவதைக் கண்டு, 1860களில் தமிழுக்கு மாறினார். கிரேயின் உடற்கூற்று நூல் ‘மனுஷ அங்காதிபாதம்’ என்ற பெயரில் 1872இல் தமிழில் வந்தது. அவரும் அவருடைய மாணவர்களும் சேர்ந்து உருவாக்கிய மருத்துவ நூல்கள் நான்காயிரம் பக்கங்களுக்கும் மேல் நீள்கின்றன. அறுபதுக்கும் மேற்பட்ட மருத்துவர்கள் அவரிடம் பயின்றார்கள்; அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் தமிழில் படித்தவர்கள். ஆனால் 1870இல் கொழும்பில் அரசு மருத்துவப் பள்ளி ஆங்கிலத்தில் தொடங்கிவிட்டது. கிறீன் 1873இல் தாயகம் திரும்பிய பிறகு மானிப்பாயின் தமிழ் வகுப்பு நெடுநாள் நிலைக்கவில்லை.

வரலாறு தரும் பாடம்

இந்த இடங்களைச் சேர்த்துப் பார்க்கும்போது ஓர் உண்மை தெளிவாகிறது. ஒரு மொழியில் மருத்துவக் கல்வி நிலைபெற நான்கு பொருள்கள் ஒரே இடத்தில் கூடியிருக்க வேண்டும். அந்த மொழியில் நூல், அந்த மொழியில் கற்பிக்கும் ஆசிரியர், கற்றதைச் செய்து பழக ஆஸ்பத்திரிப் படுக்கை, படித்து முடித்தவருக்கு மதிப்புள்ள உத்தியோகம். கல்கத்தாப் பள்ளியில் நான்கும் இருந்தன. நூல்கள் கொஞ்சம்தான், உத்தியோகம் தாழ்ந்ததுதான், ஆனாலும் நான்கும் இருந்ததால் பதின்மூன்று ஆண்டுகள் அது ஓடியது. மூடிய பிறகும் வேறு பெயர்களில் உயிர்த்தெழுந்தது. மானிப்பாயில் நூல் சிறந்திருந்தது, ஆசிரியர் இருந்தார், படுக்கை இருந்தது; உத்தியோகம் அரசின் கையில் இருந்தது, அது ஆங்கிலத்துக்குப் போய்விட்டது. ஆகவே அற்புதமான நூல்கள் மிஞ்சின, வகுப்பு மிஞ்சவில்லை.

மொழிக்கு வலிமை உண்டா என்ற கேள்வியிலேயே இந்த விவாதம் இரு நூற்றாண்டுகளாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. பிரெட்டனின் மாணவர்களும் கிறீனின் மாணவர்களும் அதற்கு விடை சொல்லி நெடுங்காலமாயிற்று. மூச்சு நின்றவரை மீட்கவும், எலும்பு முறிவைக் கட்டவும், காய்ச்சல் முகாமில் நிற்கவும் அவர்கள் படித்த மொழி போதுமானதாக இருந்தது. போதாமல் போனது அந்த மொழியில் படித்தவருக்கு அரசு வைத்திருந்த இடம். தாய்மொழியில் கற்றவரை வரிசையின் கடைசியில் நிறுத்திவிட்டு, அந்த வரிசையையே சான்றாகக் காட்டி, தாய்மொழி உயர்கல்விக்கு ஏற்றதன்று என்று முடிவு கட்டினார்கள்.

1946இல், போர் (Bhore) என்பவரின் தலைமையில் அரசு அமைத்த சுகாதாரக் குழு தன் அறிக்கையில், இரண்டு தரத்து மருத்துவர்கள் என்ற ஏற்பாட்டைக் கைவிட்டு நாடெங்கும் ஒரே அடிப்படை மருத்துவப் பட்டம் இருக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. அதையொட்டி மருத்துவப் பள்ளிகள் ஒவ்வொன்றாகக் கல்லூரிகளாயின. கேம்ப்பெல் பள்ளியும் கல்லூரியாகி இன்று நீல் ரத்தன் சர்க்கார் மருத்துவக் கல்லூரி என்ற பெயரில் நடக்கிறது. கீழ்ப்படி நீங்கியது நீதியான செயல். அந்தக் கீழ்ப்படியில்தான் மக்கள் மொழியும் வைக்கப்பட்டிருந்தது என்பதால், படி போனபோது மொழியும் மருத்துவ வகுப்பிலிருந்து வெளியேறியது. இனி எந்த இந்திய மொழியில் மருத்துவம் கற்பிக்க முனைந்தாலும், பாடநூலை மொழிபெயர்ப்பதோடு வேலை முடிந்துவிடாது. அந்த நூலைப் படித்து வருபவர் மற்ற எந்த மருத்துவருக்கும் தாழாத இடத்தில் நிற்க முடியும் என்ற உறுதியும் அதனோடு சேர்த்துத் தரப்பட வேண்டும்.